கச்சானுக்கு எதிரான விடை

யன்னலைச் சாத்தச் சொன்னவள் நான்தான்.

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் மேற்குப் பக்க யன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பிக்க முடியாது. கச்சான் வந்துவிடும். மேற்கே காட்டையும் வயலையும் காயவைத்துவிட்டு எங்களைத் தேடி வருகிற வறண்ட காற்று. ஆவணி வரைக்கும் ஓயாது. கொப்பியைப் புரட்டும், சோக் தூளைக் கண்ணுக்குள் அள்ளிப் போடும், தாளைப் பறித்துக்கொண்டு கிழக்கு வாசலால் கடலைப் பார்த்து ஓடும். அன்றைக்கும் ஓடியது. தரம் பத்து, புவியியல், நேரம் பதினொரு மணி. கரும்பலகையில் தரையையும் கடலையும் கீறி, கடலிலிருந்து தரைக்கு ஓர் அம்புக்குறி போட்டு, நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பகலில் தரை விரைவாகச் சூடாகும். ஆகவே காற்று கடலிலிருந்து தரையை நோக்கி வீசும். இது கடற்காற்று எனப்படும்.

முன்வாங்கிலிருந்து ஒரு தாள் எழும்பிப் பறந்தது.

"யன்னலைச் சாத்துங்கோ பிள்ளையள்," என்றேன்.

சாத்தினார்கள். காற்று வெளியே நின்று யன்னல் பலகையை உலுப்பியது. நான் அம்புக்குறியை இன்னும் தடிப்பாக்கினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கிழக்குக் கரைக் கிராமமான சல்லியிலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளை. அந்த வகுப்பின் வாய் என்றால் அவள்தான். பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்:

"கடற்காற்றாமடி. தாள் கடலுக்கெல்லோ போகுது."

"என்ன கதை அங்க?"

"ஒண்டுமில்லை டீச்சர்."

ஒண்டுமில்லை. இருபது வருசத்துக்கு மேலாகப் படிப்பிக்கிறேன். இந்தச் சொல்லை எத்தனை வகுப்பில், எத்தனை வாயால் கேட்டிருப்பேன்! கேட்டு, அடக்கம் என்று நினைத்து, திரும்பிக் கரும்பலகையைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் அது உள்ளே போய்த் தைத்தது என்று தெரியாது. பள்ளி விட்டு நிலாவெளி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து வரும்போது பார்த்தேன். தென்னோலைகள் எல்லாம் கடலைப் பார்த்து வளைந்து நின்றன. ஹோட்டல் வாசலில் கட்டிய கொடி கடலைக் காட்டியது. கருவாட்டுப் பாயிலிருந்து எழும்பிய தூசி கடலுக்குப் போனது. பின்னேரம் இரண்டரை மணி, தரை கொதித்துக்கொண்டிருந்தது. என் அம்புக்குறியைத் தவிர அந்தக் கரையில் இருந்த அத்தனையும் மற்றப் பக்கம் பார்த்து நின்றது. இந்த ரோட்டில் இருபது வருசம் போய் வந்தவள், தலைமயிரை ஒதுக்கி ஒதுக்கி வந்தவள், ஒருநாளாவது அந்த மயிர் எந்தப் பக்கம் பறக்கிறது என்று யோசிக்கவில்லை. யோசிக்காததை நோட்ஸ் என்று சொல்லிப் பிள்ளைகளின் கொப்பிக்குள் இறக்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் வகுப்பில் சொன்னேன்: "நேற்று எழுதினதை வெட்டாதீங்கோ. பக்கத்தில பென்சிலால ஒரு கேள்விக்குறி போடுங்கோ."

முப்பத்துநாலு பிள்ளைகளும் பென்சிலைத் தேடவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

"அப்ப சோதினைக்கு எதை எழுதுறது டீச்சர்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப் போறம்."

ஒரு தாள் தயாரித்துப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொடுத்தேன். திகதி, காலை ஏழு மணி, மதியம் பன்னிரண்டு, பின்னேரம் நாலு. காற்று கடலிலிருந்தா, தரையிலிருந்தா? பகல் வேளைக்குப் பள்ளி நாளில் யாராவது வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம், சனி ஞாயிறில் தாங்களே பார்க்கலாம். ஒரு தடியில் துணிக்கீலம் ஒன்றைக் கட்டி வெளியில் நட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் கருவி. ஒரு கிழமை, ஏழு நாள். நான் கால் நிலத்தில் படாமல் நடந்தேன். என் வகுப்பு இனிமேல் யோசிக்கிற வகுப்பு.

கிழமை முடிந்து தாள்கள் வந்தன. ஓய்வறையில் இருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பகல், கடலிலிருந்து. பகல், கடலிலிருந்து. பகல், கடலிலிருந்து. அந்தக் கிழமை முழுக்கக் கச்சான் அடித்தது. புதன்கிழமை சைக்கிள் கொட்டிலின் தகரம் ஒன்றையே கழற்றிக்கொண்டு போனது. தாளில் அது ஒன்றும் நடக்கவில்லை. சல்லிப் பிள்ளையும் கடலிலிருந்து என்றுதான் எழுதியிருந்தாள், அழகாக, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி. ஒரு தாள் மட்டும் குறைந்தது. அதன் சொந்தக்காரி பஸ் நிலையத்தில் நின்ற மான் தின்றுவிட்டது என்று சொன்னாள். தெருவில் திரிகிற எங்கள் ஊர் மான்கள் தின்னக் கூடியவைதான். அந்த முப்பத்துநாலு பேரில் மானைத்தான் நான் நம்பினேன்.

வகுப்புக்குப் போய்க் கேட்டேன். "உண்மையாப் பாத்தனீங்களோ?"

"ஓம் டீச்சர்." ஒரே குரல்.

"பாத்திட்டு என்ன எழுதினனீங்கள்?"

முன்வாங்கில் ஒருத்தி, எந்தப் பாடத்திலும் முதல் மூன்றுக்குள் வருகிறவள், துளியும் குறும்பில்லாமல் சொன்னாள்: "சரியான விடையை எழுதினனாங்கள் டீச்சர்."

அதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும், அல்லது இருந்து அழுதிருக்க வேண்டும். நான் கோபப்பட்டேன். கண்ணால் காண்கிறதை விட்டுப் புத்தகத்தில் இருக்கிறதை எழுதினால் அதற்குப் பெயர் பொய் என்றேன். காற்று முகத்தில் அறைகிறது, நீங்கள் எல்லாரும் சேர்ந்து பொய் எழுதியிருக்கிறீர்கள் என்றேன். என் குரல் பக்கத்து வகுப்புவரை போயிருக்கும்.

அப்போது ஒரு பிள்ளை எழும்பினாள். உள்துறைமுகக் கரையோரம் இருக்கிறவள். சின்னச் சின்ன எழுத்தாக எழுதுவாள். அந்த வருசம் தானாக எழும்பி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

"நான் பொய் எழுதேல்ல டீச்சர். எங்கட பக்கம் கடலில இருந்துதான் வந்தது."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சல்லிப் பிள்ளை திரும்பிப் பார்த்து, "அடியே, உங்கட வீட்டுக்கு மட்டும் தனிக் கச்சானோ?" என்றாள். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்தது. சிரித்துக்கொண்டு சொன்னேன்: "பொய்யெண்டு ஒத்துக்கொண்டா நான் ஒண்டும் செய்யமாட்டன். இரு பிள்ளை."

அவள் நின்றாள். கொப்பியை மூடினாள். இருந்தாள்.

அடுத்த பாடவேளை தரம் பதினொன்று, தேசப்படம் வாசித்தல். சுவரில் எங்கள் மாவட்டத்தின் படத்தை விரித்து மாட்டினேன். மாட்டிவிட்டு ஆணியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். ஊர் எங்கே இருக்கிறது? இரண்டு தண்ணீருக்கு நடுவில் ஒரு கழுத்து மாதிரி. கிழக்கே விரிகுடா. மேற்கேயும் தெற்கேயும் உள்துறைமுகம். மேற்கிலிருந்து வருகிற காற்று அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் துறைமுகத் தண்ணீரைத் தாண்டித்தான் வர வேண்டும். கச்சான்தான் அது. ஆனால் அவளுக்குக் கடலிலிருந்துதான் வரும். முப்பத்துநாலு பேரில் ஒருத்தி தடி நட்டு, துணி கட்டி, நின்று பார்த்து, பார்த்ததை எழுதியிருக்கிறாள். அந்த ஒருத்தியைத்தான் நான் எல்லாருக்கும் முன்னால் பொய்க்காரி ஆக்கினேன்.

இந்த ஊரில் பிறந்தவள் நான். இரண்டு பக்கமும் கடல் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் செய்ததெல்லாம் பழைய அம்புக்குறியை அழித்து மற்றப் பக்கம் பார்த்துக் கீறியதுதான். முந்தி ஒரு சரியான விடை கையில் இருந்தது. இப்போது வேறொரு சரியான விடை. விடையில்லாமல் வெறுங்கையோடு வகுப்புக்குள் போக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். படத்தைக் காட்டி, "இவள் பாத்தது சரி, நான் சொன்னது பிழை" என்றேன். அவள் எழும்பி, "பரவாயில்லை டீச்சர்," என்றாள். அந்தப் 'பரவாயில்லை' பழைய 'ஒண்டுமில்லை'யின் கூடப் பிறந்தது. கதவு சாத்துகிற சத்தம் அதில் கேட்டது. அதற்குப் பிறகு அவளிடம் எதைக் கேட்டாலும் புத்தகத்தில் உள்ள வசனம் வரும், முற்றுப்புள்ளியோடு. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டால், "தெரியாது டீச்சர்." ஒரு தரம், இரண்டு தரம், நாலு நாள். மற்றப் பிள்ளைகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையைப் பார்த்து எழுதினவளுக்குக் கிடைத்தது சிரிப்பு என்று அவர்கள் கண்டுவிட்டார்கள். இனி யார் தடி நடுவார்கள்? தவணைச் சோதனைக்கு மூன்று கிழமை இருந்தது. அதற்குள் அவள் வாயிலிருந்து அவளுடைய சொந்த வசனம் ஒன்று வர வேண்டும். வராவிட்டால் என் வகுப்பில் யோசிப்பது என்ற கதையே முடிந்தது. நானும் பழையபடி நோட்ஸ் சொல்லிக்கொண்டு ஓய்வூதியம் வரைக்கும் போகலாம். அப்படிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை.

இதற்குள் அதிபர் கூப்பிட்டார். பெற்றோர் இரண்டு பேர் வந்து, தரம் பத்துப் புவியியல் கொப்பியில் நோட்ஸ் இல்லை, கேள்விக்குறிதான் கிடக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"டீச்சர், காற்றை விட்டிட்டுச் சிலபஸை முடியுங்கோ."

"முடிப்பன் சேர். காற்றையும் முடிப்பன்."

"அது முடியிற சாமானோ?" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "புள்ளி குறைஞ்சா நான் பதில் சொல்ல ஏலாது. பாத்துக்கொள்ளுங்கோ."

சனிக்கிழமை மதியம் உள்துறைமுகக் கரைக்குப் போனேன். குடைக் கம்பியின் நுனியில் துணிக்கீலம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், "என்ன அக்கா, காத்தாடியோ?" என்று கேட்டார்கள். "இல்லைத் தம்பி, சோதினை," என்றேன். தண்ணீரின் மேலால் கச்சான் முகத்துக்கு நேரே வந்தது; துணி ஊரைக் காட்டியது. அவள் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி. ஒரு மணித்தியாலம் நின்றேன். பிறகு குன்றடியில் உள்ள சந்திப் பக்கம் ஏறிப் பார்த்தேன். குன்றின் மறைவில் காற்றுக் குழம்பி, துணி ஒரு பக்கமும் காட்டாமல் சுற்றியது. எல்லாவற்றையும் நான் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே தாளில் எழுதினேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை அவளுடைய மேசையில் வைத்து, என் சிவப்புப் பேனையையும் பக்கத்தில் வைத்தேன். "நான் பாத்து எழுதினது. திருத்து பிள்ளை."

பேனையைத் தொடவில்லை. வகுப்பு முழுக்க அவளைப் பார்த்தது. நான் என் மேசைக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது விட்டால் பிறகு இல்லை என்று தெரியும். வெளியே யாரோ மணியை அடிக்காமல் தொட்டுவிட்டுப் போனது போல ஒரு சின்னச் சத்தம். அவள் தாளை இழுத்தாள், வாசித்தாள், திரும்பவும் மேலேயிருந்து வாசித்தாள்.

"டீச்சர், இது எங்க நிண்டு பாத்தது?"

"உங்கட கரையில. பிறகு சந்தியில."

"தாளில அப்பிடி ஒண்டும் இல்லையே."

நான் குனிந்து பார்த்தேன். திகதி இருந்தது. மூன்று நேரம் இருந்தது. கடலிலிருந்தா, தரையிலிருந்தா என்று இருந்தது. எங்கே நின்று என்று கேட்க அந்தத் தாளில் இடமே இல்லை. தாளைத் தயாரித்தவள் புவியியல் டீச்சர்.

அவள் நிறுத்தவில்லை. ஒரு கிழமையாய் உள்ளே கிடந்தது வெளியே வந்தது போலச் சொன்னாள்: "சந்தியில மலை மறைக்கும் டீச்சர். அங்க நிண்டு பாத்தா ஒண்டும் விளங்காது. சல்லியில நிண்டா ஒரு காற்று, எங்கட பக்கம் ஒரு காற்று. ஒரே கச்சான்தான். கடல் எந்தப் பக்கம் எண்டுதான் மாறுது. இடத்தைக் கேக்காம யார் பொய் சொன்னது எண்டு எப்பிடித் தெரியும்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"டீச்சருக்கு எத்தினை புள்ளியடி?" என்று சல்லிப் பிள்ளைதான் பின்னாலிருந்து கேட்டாள்.

துறைமுகக் கரைப் பிள்ளை யோசித்தாள். சிவப்புப் பேனையை எடுத்தாள். "பாதி," என்றாள்.

அப்போதுதான் வகுப்பு சிரித்தது. அது வேறு சிரிப்பு. சல்லிப் பிள்ளை எழும்பி நின்று, "டீச்சர், எனக்கு முட்டை போடுங்கோ. நான் கட்டிலில இருந்து எழுதினனான்," என்றாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழும்பினாள். பிறகு இன்னொருத்தி. முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளை மட்டும் கடைசிவரை இருந்துவிட்டு, "நான் பாத்தனான் டீச்சர், ஆனா பாத்ததை நம்பேல்ல," என்றாள். இருபது வருசத்தில் ஒரு பிள்ளை எனக்குச் சொன்ன மிகக் கெட்டித்தனமான வசனம் அதுதான். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

புதுத் தாள் அடித்தோம். "எங்கே நின்று பார்த்தது" என்பது முதல் நிரல். அதன் பிறகு வந்த இரண்டு கிழமையும் அந்த வகுப்பு சந்தை மாதிரி இருந்தது. எதைச் சொன்னாலும் எங்கே நின்று, எப்போது, பார்த்ததோ கேட்டதோ படித்ததோ என்று நாலு பக்கமும் கேள்வி வந்தது. மழைவீழ்ச்சிப் பாடத்தில் கேட்டார்கள். மண்ணரிப்பில் கேட்டார்கள். என்னையும் விடவில்லை, "டீச்சர், அது நீங்கள் படிச்சதோ, பாத்ததோ?" என்று கேட்டால், பல நேரம் படித்தது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சல்லிப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் பகலில் காற்று கடலுக்குப் போனது. ஆனால் சில பின்னேரங்களில் மூன்று மணிக்குப் பிறகு கச்சான் தளர்ந்து, உண்மையாகவே கடற்காற்று ஏறியிருந்தது. புத்தகமும் முழுப் பொய் இல்லை. அது வேறெங்கோ நின்று பார்த்து எழுதியது. எங்கே என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். சிலபஸும் முடிந்தது, மூச்சு வாங்க வாங்க.

தவணைச் சோதனை கல்வி வலயத்தில் தயாரித்த வினாத்தாள். மேற்பார்வைக்கு வேறொரு டீச்சர். சோதனை முடிந்ததும் ஓய்வறைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர் என்னைப் பார்த்தார்.

"உங்கட பிள்ளை ஒண்டு எழும்பி நிண்டு வினாத்தாளையே கேள்வி கேக்குது டீச்சர். கரையோரத்தில பகலில் காற்று வீசும் திசை எது எண்டு கேட்டிருக்காம், எந்தக் கரை எண்டு போடேல்லையாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இருந்து எழுது எண்டன். வேற என்ன சொல்ல?"

எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. விடைத்தாளில் அந்தச் சின்ன எழுத்தைக் கண்டதும் தெரிந்துவிட்டது. இரண்டு புள்ளிக்குரிய கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். முதலில் புத்தகத்தின் விடை. அதன் கீழே, "இது பொதுவான கரைக்கு" என்று ஒரு வரி. அதன் கீழே எங்கள் ஊரின் கழுத்தை ஒரு சின்னப் படமாகக் கீறி, மூன்று இடம், மூன்று அம்புக்குறி, ஒவ்வொன்றிலும் நேரம். புள்ளித்திட்டத்தின்படி இரண்டுக்கு இரண்டு. அதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசிக் கேள்வி பத்துப் புள்ளி. அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

வகுப்பின் சராசரி விழவில்லை, ஏறவும் இல்லை. அதிபர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய புள்ளிதான் விழுந்தது. விடைத்தாள் கொடுத்த அன்று அவளை வாசலில் நிறுத்தினேன். அவள் தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"கடைசிக் கேள்வி தெரியாதோ?"

"தெரியும் டீச்சர். நேரம் வரேல்ல."

"காற்றுக்கு முக்கால் பக்கம் எழுதினா எப்பிடி வரும்? அதுக்கு ரெண்டு புள்ளிதான் எண்டு தெரியுந்தானே?"

"ஓம், தெரியும்."

நான் காத்திருந்தேன். அடுத்து வரக்கூடியது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இனி எழுதமாட்டேன், புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதுகிறேன். பத்துப் புள்ளி போன எந்தப் பிள்ளையும் சொல்லக்கூடிய நியாயமான வசனம்.

"அடுத்தமுறை சுருக்கி எழுதுறன் டீச்சர்," என்றாள். "மூண்டு வரியில எழுதலாம். யோசிச்சுப் பாத்தனான்."

தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் ஓய்வறைக்குப் போய் இரண்டு வேலை செய்தேன். வலயத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அடுத்த தவணை வினாத்தாளில் இடத்தைக் குறிப்பிடும்படி கேட்டேன். பதில் வராவிட்டால் நேரில் போவேன். பிறகு என் பாடக்குறிப்பில் மூன்றாம் தவணையின் முதல் பாடத்துக்கு மேல் இருந்த தலைப்பை வெட்டிவிட்டு எழுதினேன்: பார்த்ததை மூன்று வரியில் சொல்லுதல். அதை எப்படிப் படிப்பிப்பது என்று எனக்கு இன்னும் தெரியாது. விடுமுறை ஒரு கிழமை இருக்கிறது.